ஒரு நெல் அகலம்

ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டு சாமான் கொண்டு வருவார்கள். ஒன்று பிஸ்கட் பெட்டி. மற்றது "நம்பிக்கையா இருங்கோ" என்ற சொல். சீனி வருத்தக்காரனுக்குப் பிஸ்கட் நஞ்சு. எனக்கு அந்தச் சொல்லும் நஞ்சாகத்தான் இருந்தது. நாற்பத்தியொரு நாள் வாட்டில் கிடந்தேன். அத்தனை நாளும் ஒருவர் மாறி ஒருவர் வந்து, என் காலைப் பார்க்கப் பயந்து மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். எதில் நம்பிக்கை, யாரில் நம்பிக்கை, நம்பிக்கொண்டு நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நாய்கூடச் சொல்லவில்லை.

இப்போது வீட்டில், வலது காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கிளினிக்குக்குப் புதிதாக வருகிறவர்கள், "அண்ணை, உங்களுக்குக் கால் புண் எப்பிடி மாறினது?" என்று கேட்கிறார்கள். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் எனக்குக் கோபம் வந்து கதை வேறு பக்கம் போய்விடுகிறது. எழுதினால் ஒழுங்காக வரும் என்று தவம் சொன்னாள். தவமலர் என் மனைவி. இந்தக் கதையில் என்னைவிட அவளுக்குத்தான் வேலை கூட.

நாங்கள் நெடுங்கேணிப் பக்கம், குளத்துக்குக் கீழே வயல் செய்கிற ஆட்கள். அறுவடை மெசின் வெட்டித் தருகிற நெல் ஈரமாக இருக்கும். அதைக் காயவைக்க எங்களுக்குத் தார் ரோட்டை விட்டால் வேறு தோதான இடம் இல்லை. ரோட்டின் ஒரு பாதியில் பரப்பி, வாகனம் ஏறாமல் ஓரத்தில் கல் வரிசை வைப்போம். பிறகு அரை மணிக்கு ஒருக்கால் வெறுங்காலால் துழாவ வேண்டும். பாதத்தை நெல்லுக்குள் புதைத்து இழுத்துக்கொண்டு நடந்தால் அடியிலிருக்கும் ஈர நெல் மேலே வரும். பலகையாலும் இழுக்கலாம். ஆனால் எங்கே ஈரம், எங்கே காய்ச்சல் என்று காலுக்குத் தெரிவதுபோல் பலகைக்குத் தெரியாது.

செருப்போடு நெல்லில் ஏறக்கூடாது. எங்கள் வீட்டில் இதற்குக் காவல் தவம்தான். ஒருமுறை லொறிக்காரன் சப்பாத்தோடு நெல்லை மிதித்துவிட்டான். அவன் போகும்வரை பொறுத்திருந்து, அவன் மிதித்த இடத்தை வட்டமாகக் கூட்டி அள்ளிக் கோழிக்குப் போட்டாள். அந்த நெல்லைக் கோழி தின்னலாம், சாமிக்குப் படைக்கக்கூடாது என்பது அவளுடைய சட்டம்.

போன வருடம் சிறுபோக அறுவடை ஆவணி வெயிலில் வந்தது. நல்ல வெயில் என்று சந்தோசப்பட்டு மூன்று நாள் மத்தியானம் முழுக்க நெல் துழாவினேன். தவம்கூட, "சுடுதப்பா" என்று சொல்லிக் கல் ஓரம் ஓடிப்போய் நின்றாள். எனக்குச் சுடவில்லை. "உனக்குக் கால் மெல்லிசு" என்று அவளைப் பகிடி பண்ணினேன். பத்து வருடமாகச் சீனி வருத்தம் இருந்தும், குளிசை நினைத்தால் போடுவது, நினைக்காவிட்டால் விடுவது என்று திரிந்தவன் நான். காலில் நரம்பு செத்துப்போயிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் பின்னேரம் கால் கழுவும்போது கடைசி இரண்டு விரலுக்கும் கீழே தோல் உரிந்துகொண்டு வந்தது. நோ, வலி, ஒன்றும் இல்லை. நோ இல்லாத புண்ணுக்கு யார் மருந்துக்குப் போவார்கள்? மஞ்சளை வைத்துத் துணியால் கட்டினேன். "மாறிடும்" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தவத்துக்குச் சொல்லவில்லை. ஒன்பது நாள் அப்படியே போனது. பத்தாம் நாள் காலையில் அவள் அறைக்குள் வந்து மூக்கைச் சுளித்து, "ஏதோ எலி செத்துக் கிடக்குது" என்று கட்டிலுக்குக் கீழே தேடினாள். தேடிக்கொண்டே வந்தவள் என் காலடியில் நின்றாள். துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு நேரே போய்ப் பக்கத்து வீட்டுச் சிவபாலனின் ஓட்டோவைக் கூப்பிட்டாள்.

பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் முதல் நாள் முழுக்கக் காத்திருப்புத்தான். இரத்தத்துக்கு ஒரு வரிசை, எக்ஸ்ரேக்கு ஒரு வரிசை. சக்கரக் கதிரையில் இருந்துகொண்டு எனக்கு முன்னால் இருந்தவர்களின் பிடரிகளை எண்ணினேன். பின்னேரம் ஒரு டொக்டர் வந்தா. இளம் பிள்ளை, எனக்கு மகள் வயது இருக்கும். கையில் ஒரு சிறு தடியும் அதன் நுனியில் நைலோன் தும்பும்.

"ஐயா, கண்ணை மூடுங்கோ. இதால காலில தொடுவன். தொடேக்க ஓம் எண்டு சொல்லுங்கோ."

மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. சும்மா இருந்தால் தோற்றுப்போவேன் போல இருந்தது. ஒரு கணக்கில், இடைவெளி விட்டு, "ஓம்... ஓம்... ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கண்ணைத் திறவுங்கோ ஐயா." அவா தடியை மடியில் வைத்துக்கொண்டு கையைக் கட்டியபடி இருந்தா. "நான் இன்னும் தொடவே இல்லை."

தவம் தலையில் கையை வைத்தாள். எனக்கு வெட்கம், அந்த வெட்கம் உடனே கோபமானது. டொக்டர் கோபிக்கவில்லை. சீனி பல வருடம் கூடி நின்றால் பாத நரம்பு உணர்ச்சியை இழக்கும், சூடும் முள்ளும் தெரியாது, புண் வந்தால் இரத்த ஓட்டம் குறைவால் ஆறவும் ஆறாது என்று விளங்கப்படுத்தினா. எக்ஸ்ரேயில் கடைசி இரண்டு விரலின் எலும்பிலும் கிருமி ஏறியிருந்தது. அந்த இரண்டும் போக வேண்டும். மிச்சப் பாதம் நிற்குமா என்பது அதற்குப் பிறகு புண் ஆறுவதைப் பொறுத்தது.

"ஆறாட்டி?" என்று தவம் கேட்டாள்.

டொக்டர் தன் கையை என் முழங்காலுக்கு நாலு விரல் கீழே வைத்துக் காட்டினா.

வயல்காரனுக்குக் கால் போனால் என்ன மிச்சம்? வரம்பில் நடக்க ஏலாது, சேற்றில் இறங்க ஏலாது, மெசினில் ஏற ஏலாது. கதிரையில் இருந்து மற்றவன் என் வயலை விதைப்பதைப் பார்க்கலாம். அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்தக் கை வைத்த இடம்தான். ஒப்பரேசனையும் உடனே செய்ய முடியவில்லை. சீனி இறங்காமல் வெட்டினால் ஆபத்து என்று ஐந்து நாள் இன்சுலின் ஊசி போட்டு இறக்கினார்கள். ஒவ்வொரு நாளும் விடியச் சாப்பிடாமல் இருப்பதும், பத்து மணிக்கு "இண்டைக்கு இல்லை ஐயா" என்பதும். ஆறாம் நாள் விரல் இரண்டும் போயின. செத்த சதையையும் சுரண்டி எடுத்துவிட்டு, தைக்காமல் திறந்தபடி விட்டார்கள். கிருமிப் புண்ணை மூடித் தைத்தால் உள்ளே சீழ் கட்டுமாம். அடியிலிருந்து சதை வளர்ந்து தானாக மூட வேண்டுமாம்.

என் பக்கத்துக் கட்டில் மரியதாஸ், கொக்கிளாய்க் களப்பில் இறால் பிடிக்கிறவர். அவருக்கும் சீனி. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பார்க்க வந்த ஒருவர் எனக்கு வழமைபோல நம்பிக்கையை அள்ளிக் கொட்டிவிட்டுப் போனதும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன சிரிப்பு?" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன்.

"இல்லையண்ணை. நானும் எட்டு மாசம் நம்பிக்கையோடதான் இருந்தனான். மாதாவுக்கு நேர்த்தி வைச்சன். ஒவ்வொரு ஞாயிறும் மெழுகுதிரி. புண்ணோட களப்புத் தண்ணிக்குள்ளயும் இறங்கினனான். மாதா பாத்துக்கொள்ளுவா எண்ட நம்பிக்கை." இல்லாத காலின் பக்கம் போர்வையைச் சரிசெய்தார். "மாதா பாத்துக்கொண்டுதான் இருந்திருப்பா. என்ர காலைக் கழுவி மருந்து கட்ட அவா வரமாட்டா எண்டது எனக்குத் தெரியேல்ல."

எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது. அவர் சொன்னது என் "மாறிடும்" பற்றித்தான் என்று தெரிந்ததால் வந்த எரிச்சல். அன்று அவரோடு கதைக்கவில்லை.

மருந்து கட்டுகிற நேர்ஸிடம் ஒரு பழக்கம் இருந்தது. கிழமைக்கு ஒருநாள் புண்ணைக் கழுவித் துடைத்துவிட்டு, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்து, புண்ணின் விளிம்பைச் சுற்றிக் கறுப்புப் பேனையால் கோடு போடுவா. திகதியும் எழுதுவா. முதல் தாளில் என் புண் ஒரு மாவிலை அளவு இருந்தது. அடுத்த கிழமை இரண்டாம் தாளை முதல் தாளின்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தா. புதுக்கோடு பழைய கோட்டுக்கு வெளியே நின்றது.

"பெருத்திருக்கு ஐயா."

"அது எப்பிடி? ஊசி போடுறியள், மருந்து கட்டுறியள். உங்கட பேனை தடிப்பாக்கும்!"

"பேனை அதே பேனைதான். வலது காலை ஊண்டக் கூடாது எண்டு சொன்னனாங்கள். ஊண்டுறியளோ?"

"இல்லை" என்றேன். பொய். கட்டிலில் வைத்துச் சலச்சட்டி தருவதற்கு நான் என்ன கைக்குழந்தையா? ஒருவரும் பார்க்காத நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்கு நடந்தேன். வேறு பொய்யும் இருந்தது. பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன கிறீம் பிஸ்கட்டுகளை மெத்தைக்குக் கீழே ஒளித்து வைத்து, ஆத்திரம் வரும்போதெல்லாம் தின்றேன். நாளுக்கு ஏழெட்டுத் தரம் ஆத்திரம் வந்தது.

அன்று டொக்டரும் தாள்களைப் பார்த்தா. "அடுத்த கிழமையும் கோடு வெளிய போனா, நாங்கள் மேல வெட்டுறதைப் பற்றிக் கதைக்க வேண்டிவரும்" என்றா. ஏழு நாள். கால் எனக்கு மிஞ்சுமா இல்லையா என்பது ஏழு நாளில் தெரிந்துவிடும்.

தவம் ஒவ்வொரு நாளும் விடிய முதல் பஸ்ஸில் வருவாள். ஆஸ்பத்திரியில் சாப்பாடு தருவார்கள்தான். ஆனாலும் சீனிக்கு நல்லது என்று குரக்கன் புட்டும் கீரைக்கறியும் கட்டிக்கொண்டு வருவாள். அன்று விரிப்பு மாற்ற மெத்தையைத் தூக்கியவள் கீழே கிடந்த பிஸ்கட் தாள்களைக் கண்டாள். ஒவ்வொன்றாக எடுத்து, மடித்து, கட்டிலில் வரிசையாக வைத்தாள். பதினொன்று.

நான் முந்திக்கொண்டு கத்தினேன். "ஓம், திண்டனான்! என்ன செய்யச் சொல்லுறாய்? எப்பிடியும் வெட்டத்தான் போறாங்கள். எல்லாரும் நம்பு நம்பு எண்டா நம்பிக்கை என்ன, கடையிலயோ கிடக்குது வாங்க? எனக்கு வருகுதில்லை! நான் என்ன செய்ய?"

வாட்டே திரும்பிப் பார்த்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தாள்.

"உங்களை ஆரப்பா நம்பச் சொன்னது? நீங்கள் நம்பாதையுங்கோ. அதை நான் பாத்துக்கொள்ளுறன். உங்களுக்கு ரெண்டு வேலைதான். காலைக் கீழ வைக்கக்கூடாது. இதைத் தின்னக்கூடாது. ஏழு நாள். உங்களால ஏலுமோ, ஏலாதோ?"

அவள் சாப்பாட்டுப் பையிலிருந்து போத்தலை எடுத்து மூடியில் பிளேன்ரி ஊற்றிக் குடித்தாள். அவளுக்கு மூன்று கரண்டி சீனி இல்லாமல் தேத்தண்ணி இறங்காது. முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். சீனி போடவில்லை. எத்தனை நாளாகப் போடவில்லை என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

அந்த ஏழு நாளும் நான் நம்பவில்லை. இதைச் சத்தியமாக எழுதுகிறேன். ஒவ்வொரு நாளும் வெட்டத்தான் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே, சொன்னதைச் செய்தேன். சலச்சட்டியை வெட்கம் கெட்டு வாங்கினேன். வந்தவர்கள் தந்த பிஸ்கட்டை அவர்கள் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்தேன். ஒருவர் கோபித்துக்கொண்டு போனார், போகட்டும். இன்சுலினை நானே வயிற்றில் குத்தப் பழகினேன். முதல் முறை ஊசியைத் தோலுக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். மரியதாஸ்தான் பக்கத்துக் கட்டிலிலிருந்து, "மூச்சை விட்டிட்டுக் குத்துங்கோ அண்ணை" என்றார். அதிலிருந்து மறுபடி கதைத்தோம்.

ஏழாம் நாள் நேர்ஸ் மூன்றாம் தாளை வைத்துக் கோடு போட்டா. இரண்டாம் தாளின்மேல் வைத்து யன்னல் பக்கம் பிடித்தா. தவமும் நானும் டொக்டரும் நிமிர்ந்து பார்த்தோம்.

புதுக்கோடு பழைய கோட்டுக்கு உள்ளே நின்றது. மிக மெல்லிய இடைவெளி. "இது எத்தினை?" என்று கேட்டேன். நேர்ஸ் அடிமட்டத்தைத் தேடினா. தவம் பொறுக்காமல் சொன்னாள்: "ஒரு நெல்லு அகலம்."

டொக்டர் சிரித்தா. "இந்தக் கிழமை வெட்டுற கதை இல்லை" என்று கொப்பியில் எழுதிவிட்டுப் போனா.

நான் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினேன். கொப்பியில் ஒட்ட வேண்டும் என்று நேர்ஸ் மறுத்தா. பிறகு இன்னொரு தாளில் அதேபோல் கீறித் தந்தா. அன்றைக்குத்தான் எனக்கு வந்தது, மற்றவர்கள் சொல்லிச் சொல்லி வராத அந்தச் சாமான். ஒரு நெல் அகலம்தான் வந்தது. அதற்கு மேல் இல்லை. ஆனால் அது மின்விசிறியைப் பார்த்துச் சொன்னது இல்லை, நான் செய்ததால் நகர்ந்தது. இன்னொரு நெல் நகர்த்தலாம் என்று நினைத்தேன். நினைத்ததும் சலச்சட்டி கொஞ்சம் இலேசானது, குரக்கன் புட்டுக்கூடத் தொண்டையால் இறங்கியது. முன்னெல்லாம் நம்பினால் சும்மா இருப்பேன். இந்தத் தடவை நம்பியதால் சும்மா இருக்க முடியவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நாற்பத்தியொன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். கார்த்திகை மழையில் காய்ச்சல் வந்து கால் வீங்கி மறுபடி ஆறு நாள் படுத்தேன். அந்தக் கிழமைத் தாளில் கோடு மீண்டும் வெளியே போனது. அன்று தாளைக் கசக்கி எறிந்தேன். தவம் எடுத்து நீவிக் கலண்டருக்குப் பின்னால் குத்தினாள். ஒவ்வொரு விடியலும் அவள் கண்ணாடியைப் பிடிக்க நான் பாதத்தின் அடியைப் பார்ப்பேன். கிளினிக்குக்கு இரண்டு பஸ், அங்கே அரை நாள் வரிசை, மறுபடி இரண்டு பஸ். அலுத்துப்போனது. பதினைந்து தாள் சேர்ந்தபோது, தை பிறந்து இரண்டாம் கிழமை, புண் மூடியது. கோடு போட அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

அளவெடுத்து ஒரு சப்பாத்துத் தந்தார்கள். கறுப்பு, முன்பக்கம் அகலம், உள்ளே தடித்த மெத்தை. "இனி எங்கையும் வெறுங்கால் கூடாது. குசினியிலயும்தான், சாமியறையிலயும்தான்" என்று டொக்டர் சொன்னா. ஒரு தீப்பொறி போதும், திரும்பவும் அந்தக் கை வைத்த இடத்துக்குப் போவோம் என்றா. சாமியறைக்குத் தவம் வழி சொன்னாள்: "வாசல்ல நிண்டு கும்பிடுங்கோ. சாமிக்கு உங்களைத் தெரியும்." வயலைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் இருவருமே கதைக்கவில்லை.

தவம் சிவபாலனை வைத்து விதைப்பித்திருந்த வயலில் மாசியில் அறுவடை வந்தது. ரோட்டில் நெல் பரப்பினார்கள். தவமும் சிவபாலனும் வெறுங்காலோடு துழாவ, நான் ஓரத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். சொந்த நெல்லைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது போல எரிச்சல் உலகத்தில் வேறில்லை. இரண்டு மணிபோல் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. பத்து நிமிடத்தில் மழை வந்துவிடும். நனைந்தால் போகமே முளைத்துப்போகும். சிவபாலன் நெல்லை மூடப் படங்கு எடுக்க ஓடினான். தவம் மறு அந்தத்தில் தனியாக நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள்.

எழும்பிவிட்டேன். நெல்லின் விளிம்புவரை போனேன். அதற்கு மேல் கால் ஏறவில்லை. ஐம்பத்தாறு வருடத்துப் பழக்கம். குனிந்து சப்பாத்தின் பட்டியைக் கழற்றினேன். ஒன்று கழன்றது.

"கையை எடுங்கோ!"

ரோட்டின் மறு அந்தத்திலிருந்து அவள் போட்ட சத்தத்தில் சிவபாலன்கூட நின்றுவிட்டான்.

"இது நெல்லடி..." என்றேன்.

"நெல்லு அடுத்த போகமும் விளையும். உங்கட கால் விளையாது. பட்டியைப் பூட்டுங்கோ!"

பூட்டினேன். பூட்டியும் நின்றேன். அவள் பலகையைப் போட்டுவிட்டு ரோட்டோரம் போனாள். அங்கே கழற்றி வைத்திருந்த தன் செருப்பைக் காலில் மாட்டினாள். மாட்டிக்கொண்டு நெல்லின்மேல் ஏறி, நேரே என்னிடம் நடந்து வந்து, ரோட்டோரத்திலிருந்து எடுத்துவந்த மற்றப் பலகையை என் கையில் தந்தாள்.

"இப்ப வாங்கோ."

குவித்தோம். முதல் துளி விழும்போது படங்கால் மூடிவிட்டோம். கொஞ்ச நெல் நனைந்தது, பரவாயில்லை. வீட்டுக்கு வந்து பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்த்தோம். ஒன்றுமில்லை.

மறுநாள் வெயில் வந்ததும், புது நெல்லில் சாமிக்குப் பொங்க அவள் சுளகோடு ரோட்டுக்குப் போனாள். நான் கதிரையிலிருந்து பார்த்தேன். குவியலைச் சுற்றி நடந்து, நாங்கள் இருவரும் செருப்பும் சப்பாத்துமாக நின்ற பக்கத்திலிருந்துதான் அள்ளினாள். கோழிகள் வழமைபோல அவளுக்குப் பின்னால் ஓடி வந்தன. அவற்றுக்கு ஒரு மணி போடவில்லை.